செயலக நேரப்படி

மூன்று மணி பத்து. இதுவரை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. திறக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் உத்தியோகம், பதினாறு வருடமாக, இந்த மலைநகரத்தில், இரண்டாம் மாடியில், தரைமெழுகு நாற்றம் ஒருநாளும் போகாத இந்த அறையில். எட்டு நாடுகளின் கூட்டுறவு மன்றம், செயலகம், ஆவணப் பிரிவு, நிமலரூபன், மூத்த அலுவலர். கதவில் பித்தளைத் தகட்டில் அப்படித்தான் இருக்கிறது, ‘அலுவலர்’ முடிவதற்குள் தகடு முடிந்துவிட்டதால் கடைசி எழுத்தை நெருக்கி அடித்திருக்கிறார்கள். நெருக்கி அடிப்பது இங்கே பழக்கம். மௌன நடைமுறை என்று ஒன்று இருக்கிறது, இந்த மன்றம் உலகத்துக்கு எதையாவது கற்றுக்கொடுக்குமென்றால் இதைத்தான் கொடுக்கும். ஒரு தீர்மானத்தின் வரைவை எட்டுத் தலைநகரங்களுக்கும் அனுப்புவோம். இன்ன நேரத்துக்குள் எவரும் மறுப்பு எழுதாவிட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். கை தூக்க வேண்டாம், கையெழுத்து வேண்டாம், நாளைக்குப் பழி வந்தால் நாங்கள் ஆமென்று சொல்லவில்லையே என்று ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். மௌனம் சம்மதம். எங்கள் வீட்டில் அக்காவுக்கும் அப்படித்தான் கல்யாணம் பேசினார்கள். மாங்குளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து விசுக்கோத்து சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைக்குச் சம்மதமோ என்று கேட்டார்கள், செல்வமலர் அக்கா குனிந்து தேத்தண்ணித் தட்டைப் பார்த்தபடி நின்றாள், பேசாமல் நின்றாளே, போதாதா, அடுத்த தையில் தாலி. அவளுக்கு அந்த மனிதனைப் பிடித்திருந்ததா என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிடித்துத்தான் இருந்தது போல. எனக்குத் தெரியாது. கீழே எட்டுக் கொடிக்கம்பங்களிலும் கயிறு காற்றில் கம்பத்தில் அடித்து டிக் டிக் என்கிறது, எட்டும் எட்டு விதமாக, ஒன்றாவது மற்றதோடு சேர்ந்து அடிக்காது.

இன்றைய வரைவு ஒரு பாலத்தைப் பற்றியது. எட்டு நாடுகளில் இரண்டு, பெயர் வேண்டாம், இங்கே நாங்களே பெயர் சொல்வதில்லை, சம்பந்தப்பட்ட தரப்புகள் என்போம், ஓர் ஆற்றின் இரண்டு கரையிலும் இருந்துகொண்டு பன்னிரண்டு நாளைக்கு முன் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. பாலத்தை இரண்டு பக்கமும் மூடிவிட்டன. மேற்குக் கரையில் சிறுநீரகம் பழுதான இருபத்துமூன்று பேர். அவர்களுடைய இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரம் கிழக்குக் கரை ஆஸ்பத்திரியில். கிழமைக்கு இரண்டு தடவை பாலத்தால் போய்ப் படுத்து, மாலையில் பாலத்தால் திரும்பி வந்தவர்கள். மேற்குக் கரையில் தில்ருபா என்று ஒரு தாதி இருக்கிறாள், அவள் நாலாம் நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் எனக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புகிறாள். கடிதம் கிடையாது, முறைப்பாடு கிடையாது, பட்டியல் மட்டும். இறந்தவரின் பெயரை எடுத்துவிட்டு அனுப்புவாள். இன்று காலை பதினெட்டு. உலகத்துப் பெரிய மன்றத்துக்கு இந்த விஷயம் போனது, அவர்கள் கண்ணாடிக் கட்டடத்தில் கூடியிருந்து, இதை அந்தந்த வட்டார அமைப்புகளே முன்னின்று பார்ப்பதுதான் பொருத்தம், அயலவருக்குத்தான் அயலவரின் நிலைமை தெரியும் என்று அழகாக ஒரு வாக்கியம் எழுதிக் கையைக் கழுவினார்கள். அயலவர். எங்கள் ஊரில் வேலிச் சண்டைக்கு அயல்வீட்டுக்காரனை யாரும் விளக்கம் கேட்கக் கூப்பிடமாட்டார்கள், ஏனென்றால் அவனும் மற்றப் பக்கத்தால் இரண்டு முழம் வேலியை அரக்கி வைத்திருப்பான். இந்த எட்டுப் பேரில் வேலி அரக்காதவன் எவன். ஆகையால் எங்கள் சாசனத்தில் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம், இரு நாடுகளுக்கு இடையிலான பிணக்குகளை மன்றத்தில் எடுக்கக் கூடாதென்று. அமைதிக்காக ஒரு மன்றம், பிணக்கைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. மற்றபடி தேயிலை பேசலாம், வானிலை பேசலாம், ஒத்துழைப்பு வாரத்துக்கு எந்த நாட்டுப் பலகாரம் முதலில் என்று மூன்று நாள் பேசலாம். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சொல்லி வைத்தவன் இந்தக் கட்டடத்தில் எங்கோ ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போயிருக்கவேண்டும்.

அப்படியும் ஒரு வரைவு வந்துவிட்டது, அதுதான் அதிசயம். பணிப்பாளர் திருமலைக்கொழுந்து செய்த வேலை. தென்காசிப் பக்கத்து மனிதர், தன் நாட்டு வெளியுறவுச் சேவையிலிருந்து இங்கே ஓய்வுக்கு முன்னால் இளைப்பாற அனுப்பப்பட்டவர், மனம் வைத்தால் கல்லிலும் நார் உரிப்பார், மனம் வைப்பது வருடத்துக்கு ஒருமுறை. பாலம் என்பதை எடுத்துவிட்டுக் கடவை என்றார். சண்டை என்பதை எடுத்துவிட்டு அண்மைய நிலைமை என்றார். திறப்பது என்றால் மூடியதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று ஒரு தலைநகரம் சொன்னது, சரி, பயன்பாட்டைத் தொடர்வது என்றார். பதினொரு நாள் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் மிஞ்சியது இது: நாளையிலிருந்து கிழமைக்கு இரண்டு நாள், காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை நோயாளிகள் போகலாம், மாலை ஐந்திலிருந்து ஏழுவரை திரும்பலாம், மன்றத்தின் பார்வையாளர் எட்டுப் பேர் நின்று பார்ப்பார்கள். நின்று பார்ப்பதில் எங்களை வெல்ல ஆளில்லை. இன்று மாலை ஐந்து மணிவரை மௌனம் நீடித்தால் தீர்மானம் நிறைவேறும். மூன்றரைக்குக் கொழுந்து சேர் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார், ஏதோ தூதரகத்தில் வட்டார உணவு விழா, நிறைவேற்ற அறிவித்தலில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு என் மேசையில் வைத்தார், பேனையின் மை காய்வதற்கு ஊதவும் செய்தார். கதவடியில் நின்று சொன்னார். “அஞ்சு மணி தாண்டிட்டுன்னா அனுப்பிச்சிரும்வே. தாண்டதுக்கு முன்ன எவனாவது வாயத் தொறந்தான்னா அதோட விட்டுரும், எனக்குப் போன் கீன் போடாதீரும். அங்க சமோசா தின்னுட்டு நான் என்னத்தச் சொல்ல.” நான் ஓம் சேர் என்றேன். பதினாறு வருடமாக நான் சொல்லுகிற வாக்கியம் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் எழுதுகிறது.

நாலு மணி ஐந்து. தேநீர் வந்தது, பாலும் கூடிப்போய், சீனியும் கூடிப்போய், எட்டு நாட்டின் நாக்குக்கும் பொதுவாகப் போட்டால் இப்படித்தான் வரும். நாலு ஏழு. எழுத்து வேலை என்றால் நான் ஒரு காலத்தில் பெரிதாக நினைத்தேன். இந்தக் கதிரைக்கு நான் ஆசைப்பட்டு வந்தேன் என்றால் நம்புவார்களா. எங்கள் ஊரில் போர்நிறுத்தம் இருந்த காலத்தில் கண்காணிப்பாளர் வந்திருந்தார்கள், தூர தேசத்து ஆட்கள், வெள்ளை வாகனம், கையில் சின்னக் குறிப்புப் புத்தகம். எதைச் சொன்னாலும் குறித்துக்கொண்டார்கள். ஆடு காணாமல் போனது என்றாலும் குறித்தார்கள், ஆள் காணாமல் போனான் என்றாலும் குறித்தார்கள், முகத்தில் ஒரே பொறுமை. பிறகு பல வருடம் கழித்துக் கொழும்பில் ஒரு நூலகத்தில் அந்த நாட்குறிப்புகளின் பிரதிகளை நான் தேடிப் பார்த்தேன், ஒரு குறிப்பிட்ட நாளின் பக்கத்தைத்தான் தேடினேன். சாவடியில் குறிப்பிடத்தக்க சம்பவம் எதுவுமில்லை. ஒரு வரி. அந்த வரியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து வீதியோரத்தில் நின்று வாந்தி எடுத்தேன், அன்றைக்குத்தான் நினைத்தேன், இவங்களை விட நான் நன்றாக எழுதுவேன், எழுதுகிற இடத்தில் நான் இருந்தால் இப்படி வராது என்று. வந்து இருந்தேன். குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவுமில்லை, குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமில்லை, மாதத்துக்கு நாலு தடவை என்று வைத்தாலும் பதினாறு வருடத்தில் நான் எழுதியதை அடுக்கினால் அந்த வெள்ளை வாகனக்காரன் வெட்கப்படுவான். ஊருக்கு உபதேசம். நாலு பன்னிரண்டு. இன்னும் மௌனம்தான். இந்த மௌனத்தில் எட்டு அமைச்சுகளில் எட்டு எழுதுவினைஞர்கள் மேசையில் தலை வைத்துத் தூங்குகிற சத்தம் கேட்கிறது, கேட்கட்டும், தூங்கட்டும், இன்னும் நாற்பத்தெட்டு நிமிடம் தூங்கட்டும் கடவுளே.

சும்மா இருக்க ஏலாமல் அனுப்பிய குறிப்பை எடுத்துப் பார்த்தேன். எடுத்திருக்கக் கூடாது. நாளை மாலை ஐந்து மணிவரை மறுப்பு எதுவும் கிடைக்கப்பெறாதவிடத்து. அதற்குப் பிறகு இரண்டு சொல் வரவேண்டும். ஐந்து மணிவரை, செயலக நேரப்படி. எல்லாக் குறிப்பிலும் வரும், பதினாறு வருடமாக வருகிறது, ஏனென்றால் இந்த வட்டாரத்தில் நேரங்கூட ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஒரு நாடு அரை மணி முந்தி, ஒரு நாடு கால் மணி முந்தி, ஒன்று அரை மணி பிந்தி. வரவேற்பறைச் சுவரில் எட்டு மணிக்கூடு வரிசையாக மாட்டி வைத்திருக்கிறோம், வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுக்கிறார்கள். அந்த இரண்டு சொல் இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், இல்லை. நேற்று நான்தான் அடித்தேன், நான்தான் சரிபார்த்தேன், சரிபார்த்தவர் என்று என் முதலெழுத்துத்தான் கீழே இருக்கிறது. கொழுந்து சேர் நாலு தடவை வரைவை மாற்றியதில் எங்கேயோ விழுந்துபோனது என்று சொல்லலாம், சொல்லலாம்தான், ஆனால் முதலெழுத்து என்னுடையது. மேற்குக் கரை நாட்டின் மணிக்கூடு எங்களுக்கு அரை மணி பிந்தி ஓடுகிறது. எங்களுக்கு ஐந்து மணி என்றால் அவர்களுக்கு நாலரை. அவர்களுடைய ஐந்து மணி வரும்போது எங்களுக்கு ஐந்தரை. அப்படியானால் மௌனம் எப்போது முடிகிறது. யாரைக் கேட்பது. அரை மணி. பழைய ஆள் ஒருவன் உள்ளே வந்து கதவைச் சாத்தின மாதிரி இருந்தது. அரை மணியைப் போய் நான் விடலாமா. உலகத்தில் வேறு எவன் விட்டாலும் நான் விடலாமா.

வன்னியில் அப்போது இரண்டு நேரம் இருந்தது. அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணி முன்னே தள்ளி வைத்தது, மின்சாரம் மிச்சம் பிடிக்க. இயக்கத்தின் பக்கம் அதை ஏற்கவில்லை. ஆகையால் சாவடிக்கு இந்தப் பக்கம் பழைய நேரம், அந்தப் பக்கம் புதிய நேரம், யாராவது மணி சொன்னால் பழசோ புதுசோ என்று கேட்டுக்கொள்வோம், சிரித்துக்கொள்வோம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அக்காவுக்கு எட்டாம் மாதம். மத்தியானம் உதிரம் போகத் தொடங்கியது, மாங்குளத்து டொக்டர் இங்கே ஒன்றும் செய்யேலாது, வவுனியாவுக்குக் கொண்டோடுங்கோ என்றார், அத்தான் அந்தக் கிழமை மன்னாரில், நான்தான் வாடகை வானில் அவளுடன் இருந்தேன், இருபத்திரண்டு வயசு, கையில் மாமா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மணிக்கூடு. சாவடி ஐந்து மணிக்கு மூடும். வழியில் ஓரிடத்தில் வான்காரன் கேட்டான், ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடவேணும், பதினைந்து நிமிசம் நிற்பமோ, நேரம் இருக்கோ என்று. மணிக்கூட்டைப் பார்த்தேன், நாலு பத்து. நேரம் கிடக்கு, நில்லுங்கோ என்றேன். அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “தம்பி, மணி என்னடா?” நேரம் கிடக்கக்கா. பத்து நிமிடம் கழித்துத் திரும்பவும் கேட்டாள், மணி என்னடா. சாவடிக்கு வந்தபோது என் கையில் நாலு நாற்பது. அங்கே ஐந்து பத்து. படலை போட்டுப் பத்து நிமிடம். இந்தப் பக்கத்துப் பெடியன்கள் விட்டார்கள், அந்தப் பக்கம் எங்களுக்கு ஓடர் இல்லை என்றது. நடுவில் வெள்ளை வாகனம் நின்றது, கண்காணிப்பாளர் இறங்கி வந்து வானுக்குள் எட்டிப் பார்த்தார், புத்தகத்தில் குறித்துக்கொண்டார், மேலிடத்துக்குக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கேட்டார். மேலிடம் காலையில் பார்ப்பதாகச் சொன்னது. அக்கா காலைவரை இருக்கவில்லை. பிள்ளையும் இல்லை. அந்த மனிதரை நான் இருபத்திரண்டு வருடமாக வெறுத்துக்கொண்டு வருகிறேன், மனதார, தினசரி, பல்லுத் தீட்டுவது போல. ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடச் சொன்னது அவர் இல்லை.

நாலு ஐம்பது. நாலு ஐம்பத்தைந்து. மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தபடியே வைத்துக் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பள்ளிக்கூடத்தில் தண்டனை மாதிரி. ஐந்து மணி. கீழே காவலாளி கொடிகளை இறக்கத் தொடங்கினான், அகர வரிசைப்படி இறக்குவான், அதற்கும் ஒரு விதி இருக்கிறது. ஐந்து இரண்டு. அறிவித்தலை அனுப்பிவிடலாம், கொழுந்து சேர் அப்படித்தான் சொன்னார். கை போகவில்லை. ஐந்தரை வரை பார்த்தால் இரண்டு மணிக்கூட்டுக்கும் சரியாகப் போய்விடும், ஒருத்தரும் ஒன்றும் சொல்லேலாது, முறைப்படி, சுத்தமாக. பார்த்தீர்களா, முறை. நான் நையாண்டி பண்ணுகிற அந்த ஆட்கள் எல்லாரும் எனக்குள்ளே நாற்காலி போட்டு இருக்கிறார்கள். ஐந்து பன்னிரண்டுக்குப் பெட்டி டிங் என்றது. மேற்குக் கரை நாட்டின் வெளியுறவு அமைச்சு. மன்றத்துக்குத் தன் உயர்ந்த மதிப்பைத் தெரிவித்துக்கொள்கிறது, இந்த மாதிரிக் கடிதம் எதுவும் மதிப்பு இல்லாமல் தொடங்காது, பார்வையாளர் செல்லும் வாகனத்தில் மன்றத்தின் கொடி பறப்பது தமது இறைமை தொடர்பான கேள்விகளை எழுப்பக்கூடுமாகையால், மௌனத்தைக் கலைக்க நேர்வதற்கு வருந்துகிறது, விடயத்தை மீளாய்வு செய்ய மூன்று வாரம் கோருகிறது. கொடி. ஒரு ஜீப் வண்டியின் மூக்கில் இருக்கிற, கைக்குட்டை அளவான கொடி. மூன்று வாரம். பதினெட்டுப் பேரில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள், மூன்று வாரத்துக்குப் பிறகு தில்ருபா அனுப்ப வேண்டிய பட்டியல் வெறும் தாளாக இருக்கும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறவனுக்காவது கோபம் என்று ஒரு காரணம் இருக்கும், இவனுக்கு அதுவும் இல்லை. ஒரு செயலாளர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குறிப்பை முதல்முறையாக வாசித்திருப்பான், வாசித்ததற்கு ஓர் அடையாளம் வேண்டாமா, கொடியைப் பிடித்துக்கொண்டான். அவர்களுடைய மணிக்கூட்டில் நாலு நாற்பத்திரண்டு. சரியான நேரத்துக்கு வந்திருக்கிறான், நாசமாய்ப் போனவன்.

மறுப்பை அச்சடித்து மேசையில் வைத்தேன். வரவு முத்திரை அடிக்கவேண்டும், மணியும் நிமிடமும் சக்கரத்தால் திருப்புகிற முத்திரை. இங்கேதான் யோசனை ஒரு முள்ளில் மாட்டிக்கொண்டு நின்றது, எந்தப் பக்கம் இழுத்தாலும் கிழிந்தது. மறுப்பை நேரத்துக்கு வந்ததாக ஏற்றால் மௌனம் கலைந்தது, தீர்மானம் செத்தது, செத்த தீர்மானத்தின் குறிப்பை எவனும் எடுத்துப் பார்க்கமாட்டான், விடுபட்ட இரண்டு சொல்லும் கோப்புக்குள் நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். என் முதலெழுத்தும். காலம் கடந்தது என்று திருப்பி அனுப்பினால் பாலம் திறக்கும். ஏனென்றால் நிறைவேறிய தீர்மானத்திலிருந்து விலகுவதென்றால் அவர்கள் எழுந்து நின்று, பெயர் சொல்லி, நாங்கள்தான் நோயாளிகளின் பாலத்தை மூடச் சொல்கிறோம் என்று எழுதவேண்டும், அதற்கு அவர்கள் கூடிப் பேச மூன்று நாளாவது ஆகும், எழுதவும் துணிவார்களோ தெரியாது, மௌனத்துக்குப் பின்னால் நின்றுதான் இவர்களுக்கு வீரம். ஆனால் அந்த மூன்று நாளில் எவனாவது குறிப்பைத் தோண்டி எடுப்பான், எந்த ஐந்து மணி என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்பான். விசாரணை. என் உத்தியோகம், அதோடு விசா, மகள் அடுத்த வருடம் சோதனை எழுதுகிறாள். இவ்வளவையும் நான் யோசித்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும், ஒவ்வொன்றாக, நிதானமாக, பதினெட்டுப் பெயரும் திரையில் திறந்து கிடக்க யோசித்தேன். எந்தக் கண்காணிப்பாளனும் இப்படித்தான் யோசித்திருப்பான், அவனுக்கும் ஒரு மகள் இருந்திருப்பாள். முத்திரையின் சக்கரத்தைத் திருப்பினேன். ஐந்து பன்னிரண்டு. காலம் கடந்து கிடைத்தது, செயலக நேரப்படி. அடித்தேன். சத்தம் பெரிதாகக் கேட்டது. நடந்தது அநியாயம்தான், அவர்கள் நேரத்துக்குத்தான் எழுதினார்கள், அந்த அரை மணியை நான்தான் அவர்களிடமிருந்து எடுத்தேன். எடுத்ததாகவே இருக்கட்டும். ஒருமுறை என்னிடமிருந்து எடுத்தார்கள், அந்த அரை மணி இன்றைக்குத்தான் என் பக்கம் வந்து நிற்கிறது. அறிவித்தலை எட்டுத் தலைநகருக்கும், இரண்டு கரைக் காவலரணுக்கும், பார்வையாளர் எட்டுப் பேருக்கும், தில்ருபாவுக்கும் அனுப்பினேன்.  

ஐந்து முப்பத்தாறுக்குத் தில்ருபா கூப்பிட்டாள். இத்தனை நாளில் அவள் குரலை நான் கேட்டதில்லை, பட்டியலைப் பார்த்து வயதான பெண் என்று வைத்திருந்தேன், குரல் இளசு, சளி பிடித்திருந்தது. எங்கள் இருவருக்கும் பொதுவானது அரைகுறை ஆங்கிலம், அதில் பேசினோம். அவள் நன்றி சொல்லவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது. பதினேழு பேர் என்றாள். மத்தியானம் ஒருவர் போய்விட்டார். நான் பட்டியலைப் பார்த்தேன், எந்தப் பெயர் என்று கேட்கவில்லை. ஆட்களைத் தூக்கிவர இரண்டு வண்டி சொல்லியிருக்கிறாளாம், நடக்கக்கூடியவர்கள் நால்வர்தானாம். பிறகு கேட்டாள். “கடிதத்தில் ஏழு மணி என்று இருக்கிறது. எந்த ஏழு மணி? எங்களுடையதா, அந்தக் கரையுடையதா?” நான் கடிதத்தைப் பார்த்தேன். காலை ஏழு முதல் ஒன்பதுவரை. அவ்வளவுதான். எந்தக் கரையின் நேரம் என்று ஒரு சொல் இல்லை. பதினொரு நாள் எட்டு நாடும் கூடித் தேய்த்த கடிதம், கொடியைப் பார்த்தவன் உண்டு, கடவையா பாலமா என்று பார்த்தவன் உண்டு, மணியைப் பார்த்தவன் ஒருவனும் இல்லை, ஒரு மணி நேரத்துக்கு முன் அதே பிழையில் செத்துப் பிழைத்த நான் உட்பட. கிழக்குக் கரைக்காரனுக்கு எங்கள் நேரம்தான், தன் ஏழு மணிக்குத் திறந்து தன் ஒன்பது மணிக்குச் சாத்துவான். மேற்குக் கரைக்காரன் அரை மணி பிந்தித்தான் திறப்பான். ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் சாத்திக் கிடக்கிற பாலத்தின் நடுவில் பதினேழு பேர், தூக்கி வந்தவர்களின் கையில். முட்டாள், முட்டாள், முட்டாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், தமிழில், அவளுக்குக் கேட்டிருக்கும். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்ற வாக்கியம் தொண்டைவரை வந்துவிட்டது. பதினாறு வருடப் பழக்கம், தானாக வருகிறது, நாக்கின் நுனியில் அதன் ருசிகூடத் தெரிந்தது. கேட்பதென்றால் யாரைக் கேட்பது. சமோசாவையா.

“உங்கள் வார்ட்டில் மணிக்கூடு இருக்கிறதா?” என்று கேட்டேன். இருக்கிறது என்றாள், கதவுக்கு மேலே, சரியாக ஓடுகிறதா என்றேன், ஓடுகிறது, மருந்துக்கு அதைத்தானே பார்க்கிறோம் என்றாள். “அந்த மணிக்கூட்டின்படி ஏழு மணி,” என்றேன். “இரண்டு காவலரணுக்கும் நான் இப்போதே எழுதுகிறேன்.”  நீங்கள் சொன்னால் போதுமா, யாரையும் கேட்க வேண்டாமா என்றாள். போதும் என்றேன். அது பொய்யோ உண்மையோ நாளைக் காலைக்குள் தெரிந்துவிடும், கொழுந்து சேர் ஒன்பது மணிக்கு வருவார், அதற்குள் பதினேழு பேரும் பாலத்தைத் தாண்டியிருந்தால் அவர் என்னத்தைச் சொன்னாலும் சொல்லட்டும். இப்போது அதில் மணி என்ன என்று கேட்டேன். அவள் நடந்துபோகிற சத்தம் கேட்டது, செருப்புச் சத்தம், யாரோ இருமினார்கள், ஒரு வாளி நகர்ந்தது. ஐந்து பதினொன்று என்றாள். கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி, திருகை இழுத்து, அரை மணி பின்னால் தள்ளி, ஐந்து பதினொன்றுக்கு வைத்தேன். சரியாகக் கேட்கவில்லை, இன்னொருதரம் சொல்லுங்கள் என்றேன். கேட்டுத்தான் இருந்தது. அக்காவும் இரண்டு தடவை கேட்டாள். “ஐந்து பன்னிரண்டு ஆகிவிட்டது,” என்றாள். மணிக்கூட்டில் அந்த ஒரு நிமிடத்தையும் திருத்தினேன், கட்டிக்கொண்டேன், கடிதத்தை எடுத்து ஏழு மணி என்று இருந்த இடத்துக்குப் பக்கத்தில் மேற்குக் கரை நேரப்படி என்று எழுதத் தொடங்கினேன்.